உப்புக் காற்றில் ஒரு பூஜோ

(பொம்மையார்பாளையத்தில் பழைய வண்டி வைத்திருப்பவர்களும் பட்டறைக்காரர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு பழைய பூஜோவை விலைக்குப் பார்க்கப் போனால் பலரும் முதலில் பானெட்டைத் திறக்கிறார்கள். நான் வண்டியின் பின்னால் பத்தடி தள்ளி, தரையோடு கண் வைத்துக் குனிந்து பார்ப்பேன். பின்சக்கரங்கள் இரண்டும் நேராக நிற்கின்றனவா, மேல்முனை உள்ளே சாய்ந்து கால் அகட்டி நிற்கின்றனவா என்று பார்ப்பேன். அந்த வண்டியின் பாதி வரலாறு அதிலேயே தெரிந்துவிடும். இன்று நான் பேச வந்ததும் பெரும்பாலும் அந்தப் பின் அச்சைப் பற்றித்தான். இந்த உப்புக் கடற்கரையில் பிரெஞ்சுக்காரர்களின் சின்ன வேக வண்டி ஒன்றை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்பதே தலைப்பு.

'ஹாட் ஹேட்ச்' என்று சொல்கிறோமே, அது பின்னால் மேலே தூக்கும் கதவுள்ள சாதாரண குடும்ப வண்டிதான். அதே உடலில் கொஞ்சம் பலமான எஞ்சினும் இறுக்கமான சஸ்பென்ஷனும் நல்ல பிரேக்கும் வைத்தார்கள். 1976இல் ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ வந்தது. அதே ஆண்டு பிரான்சில் ரெனோ 5 ஆல்பைன் வந்தது. 1984இல் பூஜோ 205 ஜிடிஐ வந்தபோது இந்த வகைக்கே அது அளவுகோலாகிவிட்டது. முதலில் 1,580 சிசி எஞ்சினும் 105 குதிரைத்திறனும் இருந்தன. இரண்டே ஆண்டுகளில் 1,905 சிசி, 130 குதிரைத்திறன் என்று வளர்ந்தது. இன்றைய கணக்கில் 130 பெரிய எண் இல்லை. ஆனால் அந்த வண்டியின் எடை 900 கிலோ அளவுதான்! அந்தப் பெயரைத் தாங்கிய பந்தய வண்டியான 205 டர்போ 16, 1985, 1986 இரண்டு ஆண்டும் உலக ராலிப் பட்டத்தைப் பூஜோவுக்கு வாங்கித் தந்தது.

205 ஜிடிஐ இந்தியாவில் விற்கப்படவில்லை. இப்போது கொண்டு வரவும் வழியில்லை. பழைய கார் இறக்குமதி செய்ய வேண்டுமென்றால் அது மூன்று வயதைத் தாண்டியிருக்கக் கூடாது, வலப்பக்க ஸ்டியரிங் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகவே வர வேண்டும். கார்னே அனுமதிச் சீட்டோடு ஊர் சுற்ற வரும் வெளிநாட்டுக்காரர்களின் வண்டிகள் வேறு கணக்கு. அவை வந்த வழியே திரும்பிப் போய்விட வேண்டும். ஆகவே நமக்குக் கிடைத்தது 205 இல்லை, அதன் உடன்பிறப்பான 309.

309இன் பிறப்பே சுவாரசியமானது. பிரெஞ்சு வண்டி என்று சொல்கிறோம், ஆனால் அதை வரைந்தவர்கள் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்துப் பொறியாளர்கள். டால்போ என்ற பெயரில் வரவேண்டியது, அந்தப் பெயரை நிறுத்த முடிவெடுத்ததால் பூஜோ ஆயிற்று. செலவைக் குறைக்க 205இன் கதவுகளையே எடுத்து மாட்டினார்கள். அடித்தளமும் 205 வழி வந்ததுதான். ஐரோப்பாவில் 309க்கும் ஜிடிஐ இருந்தது, அதே 1,905 சிசி எஞ்சினோடு. இன்றும் இங்கிலாந்தில் 205 வைத்திருப்பவர்கள் 309 ஜிடிஐயின் அகலமான பின் அச்சைத் தேடி அலைகிறார்கள், தங்கள் வண்டியில் மாட்டுவதற்கு.

இந்தியாவுக்கு அந்த ஜிடிஐ வரவில்லை. பத்மினி கார் செய்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் பூஜோவோடு கூட்டுச் சேர்ந்து, மகாராஷ்டிரத்தின் கல்யாணில் 1994இல் 309 செய்யத் தொடங்கியது. 1,360 சிசி பெட்ரோல், 1,527 சிசி டீசல் என்று இரண்டு எஞ்சின்கள். தாராளமயமாக்கலுக்குப் பின் வந்த முதல் வெளிநாட்டு வண்டிகளில் ஒன்று. அம்பாசடரும் மாருதி 800உம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது விமானம்போல் தெரிந்தது. தொழிலாளர் தகராறு, பங்காளிகளின் மனக்கசப்பு என்று 1990கள் முடிவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. வண்டி வாங்கியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். ஏஜென்சி இல்லை, ஸ்பேர் இல்லை, கையேடுகூட இல்லை.

ஆனால் டீசல்காரர்களுக்கு ஒரு கதவு திறந்தது. அந்த 1,527 சிசி எஞ்சினையே மாருதி தன் ஜென் டீசலுக்கும் எஸ்டீம் டீசலுக்கும் பிரான்சிலிருந்து வாங்கிப் போட்டது. அதனால் பிஸ்டன் ரிங், கேஸ்கெட், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் எல்லாம் மாருதிக் கடைத் தெருவில் புழங்கத் தொடங்கின. சென்னை புதுப்பேட்டையில் போய் 'பூஜோ 309' என்று கேட்டால் கையை விரிப்பார்கள். 'ஜென் டீசல்' என்று கேளுங்கள், உள்ளே போய்த் தேடுவார்கள். இந்த உறவு தெரியாமல் எத்தனையோ நல்ல வண்டிகள் இரும்புக் கடைக்குப் போயின என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

பெட்ரோல் எஞ்சினுக்கும் ஒரு பெருமை உண்டு. அது டியூ என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்தின் அதே 1,360 சிசி எஞ்சினைத்தான் சித்ரோயன் ஏஎக்ஸ் ஜிடிஐயில் 100 குதிரைத்திறனுக்கு ஏற்றினார்கள். நாம் மளிகைச் சாமான் ஏற்றிவரும் வண்டியின் எஞ்சினும் அந்த வேக வண்டியின் எஞ்சினும் ஒரே வம்சம். அவர்கள் கேம்ஷாஃப்ட்டை மாற்றினார்கள், எரிபொருளை இன்ஜெக்‌ஷனுக்குக் கொண்டுபோனார்கள். அதைவிட முக்கியம், இலேசான உடலில் வைத்தார்கள்.

இனிப் பின் அச்சு.

பூஜோ 205இலும் 309இலும் பின்பக்கம் நிற்கும் ஸ்பிரிங் கிடையாது. வண்டிக்குக் குறுக்கே ஒரு தடித்த குழாய். அதன் இரு முனையிலும் பின்னோக்கி நீளும் ஒவ்வொரு கை. கையின் நுனியில் சக்கரம். ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் குறுக்கே இரண்டு எஃகுத் தண்டுகள் முறுக்கப்படுகின்றன; அவைதான் டார்ஷன் பார். ஷாக் அப்சார்பர்கள் ஏறக்குறையப் படுத்த நிலையில் இருக்கும். இதனால் டிக்கிக்குள் எதுவும் துருத்திக்கொண்டு வராது, தரை தாழ்வாக, அகலமாகக் கிடைக்கும். வளைவில் போகும்போது பின்பாகம் முன்பாகத்தோடு சேர்ந்து திரும்பும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் வால் மெல்ல வெளியே வீசும். இந்த வண்டிகளை உலகம் கொண்டாடியதற்கு எஞ்சினைவிட இந்த வால்தான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். மழையில் அதே வால் ஆபத்தானதும்கூட. தெரிந்து ஓட்ட வேண்டும்.

அந்தக் கைகள் குழாய்க்குள் சுழல்வது ஊசிபோல் மெல்லிய உருளைகள் கொண்ட பேரிங்குகளில். அவற்றைக் காப்பது ஒரு ரப்பர் சீல். வயதாகி ரப்பர் சுருங்கினால் தண்ணீர் உள்ளே போகும். ஊசிகள் துருப்பிடிக்கும். துருப்பிடித்த ஊசி உருளாது, அரைக்கும். அது ஷாஃப்ட்டில் குழி பறிக்கும், பிறகு குழாயையே தின்னும். அப்போதுதான் சக்கரத்தின் மேல்முனை உள்ளே சாய்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது கிறீச்சென்று ஒரு முனகல் கேட்கும். டயரின் உள்விளிம்பு மட்டும் வழவழவென்று தேயும். பிரான்சின் மழைக்கே இப்படி என்றால் நம் கடற்கரையில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முனகல் கேட்ட மாதமே பிரித்தால் ஷாஃப்ட்டும் பேரிங்கும் சீலும் போட்டு முடிக்கலாம். சக்கரம் சாயும்வரை ஓட்டினால் குழாயே போய்விடும். அந்தக் குழாய்க்கு இந்த நாட்டில் எங்கே போவது? ஷாஃப்ட்டை லேத்தில் கடைந்து தருகிறேன் என்று சொல்வார்கள். கடையலாம். ஆனால் சாதாரண எஃகைக் கடைந்து பளபளவென்று மெருகேற்றி மாட்டினால் ஊசிகள் அதைச் சீக்கிரமே தின்றுவிடும். மேற்பரப்பைச் சூட்டில் கடினப்படுத்தி, அதன் பிறகு கிரைண்டிங்கில் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த வேலை செய்பவர்கள் அம்பத்தூரில் இருக்கிறார்கள். ஒரு ஷாஃப்ட்டுக்காக அவர்கள் அடுப்பு மூட்ட மாட்டார்கள். நான்கைந்து வண்டிக்காரர்கள் சேர்ந்து போனால் செய்து தருவார்கள். நாம் கூடியிருப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

பிரித்த சமயத்திலேயே குழாயில் ஒரு துளையிட்டுக் கிரீஸ் நிப்பிள் வையுங்கள். கம்பெனி அதை வைக்கவில்லை. வெளிநாட்டில் சிலர் அது தேவையில்லை என்று வாதிடுகிறார்கள், கிரீஸ் பேரிங்குக்குப் போகாமல் குழாயின் நடுவில் தேங்கிவிடும் என்று. இடம் பார்த்து, பேரிங்குக்கு அருகில் துளையிட்டு, பூட்டும்போதே உள்ளே கிரீஸை அடைத்துவிட்டால் தண்ணீர் நுழைய இடமிருக்காது. இந்தக் கரைக்கு அது கட்டாயம் வேண்டும்.

உப்பின் குணத்தைக் கொஞ்சம் பார்ப்போம். மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். குவித்த உப்பை ஏன் கீற்றால் மூடுகிறோம் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். நம் கடற்கரையில் பெரும்பாலான இரவுகளில் அந்த அளவு தாண்டிவிடுகிறது. அதாவது மழையே பெய்யாவிட்டாலும் வண்டியின் அடியில் படிந்த உப்பு ஒவ்வொரு இரவும் நனைந்து, பகலில் காய்ந்து, மறுபடி நனைகிறது. இரும்புக்கு இதைவிடக் கொடுமை இல்லை.

கடலும் நெருங்கி வந்துவிட்டது. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கல் சுவர் எழுப்பிய பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைபட்டு, சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி என்று வரிசையாகக் கரையை இழந்தோம். வீட்டையும் வலை காயவைக்கும் இடத்தையும் இழந்தவர்கள் நடுவில் நின்று கார் துருவைப் பற்றிப் பேசுகிறேன் என்பது எனக்குத் தெரியும். இழப்பில் அதற்கு ஈடு எதுவுமில்லை. அலைத் தெறிப்பு இப்போது தெருவுக்குள் வருகிறது என்ற செய்தியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது என்ன? வண்டியின் மேலே கழுவுவதைவிட அடியில் கழுவுங்கள், நல்ல தண்ணீரில். போர் தண்ணீர் உப்புக் கரித்தால் அதில் கழுவுவது வீண். கதவின் அடிவிளிம்பிலும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டியிலும் கம்பெனி வைத்த வடிகால் ஓட்டைகள் உண்டு. டிங்கர் வேலை செய்பவர்கள் பட்டி பூசும்போது அவற்றை அடைத்துவிடுகிறார்கள். ஊசி வைத்துக் குத்தித் திறந்து வையுங்கள். உள்ளறைகளுக்கு மெழுகு கலந்த ஸ்பிரே இருக்கிறது, அதை அடியுங்கள். பழைய எஞ்சின் ஆயிலை அடிப்பது இங்கே வழக்கம்; அது ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், மண்ணையும் மழைநீரையும் கெடுக்கும், தயவுசெய்து விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் கவர் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். ஈரம் உள்ளேயே அடைபடும். காற்றோட்டமான கீற்றுக் கொட்டகைக்கு இணையான கார் ஷெட் இந்தக் கரையில் இல்லை.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. தண்ணீரில் நின்ற வண்டிகளுக்கு எஞ்சின் ஆயில் மாற்றினார்கள், சீட்டைக் காயவைத்தார்கள். பின் அச்சுக் குழாயைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? அந்த வெள்ளத்தில் முங்கிய பழைய பூஜோ யாரிடமாவது இருந்தால், இன்னும் தள்ளிப்போட வேண்டாம்.

ரேடியேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை கடுமையாகவே சொல்கிறேன். வழியில் சூடேறியது என்று கிடைத்த போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஓட்டுகிறோம். இந்த எஞ்சின்களின் ஹெட் அலுமினியம். டியூ பெட்ரோல் எஞ்சின்களில் பிளாக்கும் அலுமினியமாக வந்தவை உண்டு. ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உப்புத் தண்ணீர் அலுமினியத்தை உள்ளிருந்தே அரிக்கும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்த கேன் ஒன்று டிக்கியில் எப்போதும் இருக்கட்டும். அலுமினிய பிளாக் என்றால் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அதில் லைனர்கள் தண்ணீருக்குள் தனியே உட்கார்ந்திருக்கும். ஹெட்டைக் கழற்றியதும் அவற்றை ஒரு பட்டை வைத்து அழுத்திப் பிடிக்காமல் கிராங்கைச் சுழற்றினால் லைனர் நகர்ந்துவிடும், அடியில் உள்ள சீல் போய்விடும். கேஸ்கெட் மாற்றப் போய் எஞ்சினையே இறக்கிய கதைகள் எல்லாம் இப்படி நடந்தவைதான். 

இனி எரிபொருள். இப்போது பெட்ரோல் பம்புகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 1994இன் ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனாலும் உப்பைப்போல் ஈரத்தை இழுக்கும். குழாய்களைப் புதிய தரத்துக்கு மாற்றுங்கள். வண்டியை நிறுத்தி வைப்பதானால் டேங்கை அரைகுறையாக விடாதீர்கள்.

பட்டறைத் தம்பிகள் பொறுமையாகக் காத்திருப்பது மாடிஃபிகேஷன் பற்றிக் கேட்கத்தான் என்று தெரியும். முதலில் செய்ய வேண்டிய மாற்றம் ஹெட்லைட்டுக்கு ரிலே வைப்பது. பழைய வயரிங்கில் விளக்கின் முழு மின்னோட்டமும் ஸ்விட்ச் வழியாகப் போகிறது; ஸ்விட்ச் சூடாகிறது, வெளிச்சம் மங்குகிறது. பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்து ரிலே போட்டால் அதே பல்பு புதிதுபோல் எரியும். இரவில் ஈ.சி.ஆரில் கூடையோடு சாலையைக் கடக்கும் மீன்கார அம்மாவை ஐம்பது அடி முன்னாலேயே பார்ப்பதற்கு ஈடான மாடிஃபிகேஷன் வேறில்லை.

அடுத்தது பிரேக் ஹோஸ், நல்ல பேட், நல்ல டயர். வீல் மாற்ற ஆசைப்பட்டால் கவனம் தேவை. பூஜோவின் நான்கு துளைகள் 108 மிமீ வட்டத்தில் இருக்கின்றன. மறைமலைநகரில் செய்த ஃபோர்டு ஐகானுக்கும் அதே 108தான். அதனால் மாட்டிவிடலாம் என்று நினைப்பார்கள். ஆனால் ஃபோர்டு வீலின் நடுத்துளை 63.4 மிமீ, பூஜோ ஹப்புக்கு 65.1 வேண்டும். லேத்தில் துளையைப் பெரிதாக்கினால்தான் உட்காரும். தவிர, ஃபோர்டில் ஸ்டட்டும் நட்டும், பூஜோவில் போல்ட். போல்ட்டின் நீளமும் தலையின் சாய்வும் வீலுக்குப் பொருந்த வேண்டும். ஆஃப்செட் தவறினால் வீல் பேரிங்குக்குக் கேடு. இதெல்லாம் அளந்து செய்பவர்களிடம் மட்டும் கொடுங்கள்.

வண்டியைத் தாழ்த்த விரும்புகிறவர்களுக்கு: பின்பக்கம் ஸ்பிரிங்கை வெட்டுகிற அநியாயம் இதில் தேவையே இல்லை. டார்ஷன் பாரின் இரு முனையிலும் உள்ள பற்களின் எண்ணிக்கை வேறுவேறு. கழற்றி ஒரு முனையைச் சில பல் தள்ளியும் மறுமுனையைச் சில பல் திருப்பியும் பூட்டினால் மில்லிமீட்டர் கணக்கில் உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இப்படி ஒன்றை யோசித்த பொறியாளனை நான் மனதாரக் கும்பிடுகிறேன். நம் வேகத்தடைகளை நினைத்துக்கொண்டு, குறைப்பதற்குப் பதில் சிலர் கூட்டிக்கொள்வதுகூட நல்லது.

எஞ்சினைத் தூக்கிப் பெரிய எஞ்சின் வைக்கும் ஆசை எல்லா நாட்டிலும் உண்டு. 205இல் 160 குதிரைத்திறன் கொண்ட 405 எம்ஐ16 எஞ்சினை இறக்குவது ஐரோப்பாவில் ஒரு மரபாகவே இருக்கிறது. இங்கே அது சட்டத்துக்குப் புறம்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தச் சட்டத்தோடு எனக்குச் சண்டையில்லை. குயிலாப்பாளையம் வழியாக ஆரோவிலுக்கு ஏறும் வளைவுகளில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில், பின் அச்சு சரியாக இருக்கும் 309 தரும் இன்பத்துக்கு 160 குதிரை தேவையில்லை.

என் வருத்தம் வேறு. 15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதன்பின் ஐந்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை. 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2021இல் வந்த விண்டேஜ் விதிகள் 50 வயதான வண்டிகளுக்குத் தனி மரியாதை தருகின்றன. 1994இல் கல்யாணில் பிறந்த வண்டிக்கு அந்த மரியாதை 2044இல்தான் கிடைக்கும். நடுவில் உள்ள ஆண்டுகளில் அது சட்டத்தின் கண்ணில் வெறும் பழைய வண்டி. எல்லைக்காரர்களான நமக்கு இன்னொரு சிக்கல்: கோட்டக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் புதுச்சேரி, இந்தப் பக்கம் தமிழ்நாடு. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த சொல்தாக்களின் வீடுகளில் மலிவாகக் கிடைக்கிறது என்று புதுச்சேரியின் பிஒய் எண் வண்டியை வாங்கி இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்தால் பதிவை மாற்றியாக வேண்டும். வாங்குவதற்கு முன்பே தடையில்லாச் சான்றுக்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்றைக்குத் திருவள்ளூரில் சித்ரோயன் செய்கிறார்கள், ஒரகடத்தில் ரெனோ செய்கிறார்கள். பிரெஞ்சு வண்டி நம் மாநிலத்திலேயே பிறக்கிறது. ஆனால் அந்த ஆலைகளிலிருந்து நம் 309க்கு ஒரு வாஷர்கூட வராது. நம் ஸ்பேர் கிடங்கு என்பது லேத்துக்காரர்களின் கையும் டிங்கர்களின் கண்ணும்தான். ஒரு மூத்த மெக்கானிக் தொழிலை விட்டுப் போகும்போது அவர் தலைக்குள் இருந்த அளவுகளும் போய்விடுகின்றன. எந்த வண்டியின் எந்த பேரிங் எதற்குப் பொருந்தும் என்பதை அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

அதனால் இந்தக் கூட்டத்திடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறேன். ஒரு தடித்த நோட்டு வாங்குவோம். யார் வண்டியைப் பிரித்தாலும், கழற்றிய பாகத்தின் உள்விட்டம், வெளிவிட்டம், நீளம், பேரிங்கில் பொறித்த எண், எந்தக் கடையில் எதன் பெயரைச் சொல்லிக் கேட்டுக் கிடைத்தது, எந்த லேத்தில் செய்தது, எத்தனை மாதம் தாங்கியது என்று தமிழில் எழுதுவோம். தாங்காமல் போனதையும் எழுத வேண்டும். வெர்னியர் காலிப்பர் இல்லாதவர்களுக்கு என்னுடையதைத் தருகிறேன். பின் அச்சு ஷாஃப்ட்டுக்கு அம்பத்தூர் போவதற்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் இன்றே கொடுத்துவிடுங்கள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் அந்த வேலையை முடித்துவிடலாம்.